கல் இல்லாத ஊரிலிருந்து ஜியாலஜிக்கு

நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கும் ஆசிரியை என்று எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் பாதிக்கு மேல் விவசாயக் கூலி வேலை செய்யும் ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்களில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. இவர்களைப் பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூர் கல்மரத்துக்கு ஒரு நாள் அழைத்துப்போய்க் காட்டினால் நாலைந்து பேராவது ஜியாலஜி படிக்கப் போவார்களா, நம் பக்கத்தில் காட்டுவதற்கு ஒரு பாறைகூட இல்லையே என்பது உங்கள் கேள்வி. நான் அதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பில் இடம் இருக்கிறதா, இருந்தால் அதை ஒரு பஸ் பயணம் காட்டிக்கொடுத்துவிடுமா? இடம் இருக்கிறது. ஒரு பயணம் அதைக் காட்டிக்கொடுக்காது. அதிலும் முதல் பயணம் சாத்தனூருக்கு வேண்டவே வேண்டாம் என்பேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. டெல்டாவில் முப்பது ஆண்டுக்கு மேல் நிலத்தடி நீர் ஆய்வில் இருந்தவன். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்துப்போகும் வேலை நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. கல்வியியல் எனக்குத் தெரியாது. மண்ணையும் நீரையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். பிள்ளைகள் ஏன் வருகிறார்கள், ஏன் வராமல் போகிறார்கள் என்று சொல்வதெல்லாம் நான் நேரில் பார்த்தவர்களை வைத்துத்தான். வேறு ஊரில் வேறாக இருக்கலாம். இன்னொன்று, பெயர்க் குழப்பம். நம் பள்ளிப் புத்தகத்தில் புவியியல் என்றால் ஜியாகிரபி. மண், பாறை, நிலத்தடி நீர் பற்றிய ஜியாலஜிக்கு நிலவியல் என்று பெயர். பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணிடம் அந்தச் சொல்லைச் சொன்னபோது, நிலாவைப் பற்றிய படிப்பா என்று கேட்டாள். பெயரே காதில் விழாத படிப்புக்கு யார் விண்ணப்பம் போடுவார்கள்?

பாறை இல்லை என்ற குறைக்கு வருகிறேன். கல்லணைக்குக் கிழக்கே நாம் நிற்கும் தரையில் பெரும்பகுதி காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து போட்டது. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டியிருந்தது. ஆனால் ஜியாலஜிக்குப் பாறை வேண்டும் என்பது பாதி உண்மைதான். மணற்பாறையும் களிப்பாறையும் எப்படி உண்டாகின்றன என்று பாடத்தில் வருகிறதே, அந்தச் சமையல் நடக்கும் அடுப்படி நம் ஊர். மேட்டூர் திறப்பதற்கு முன், கோடையில் வாய்க்கால்களைத் தூர்வாருகிறார்கள். பொக்லைன் வெட்டிவிட்டுப் போன புதுக் கரையை ஒருமுறை நின்று பாருங்கள். அடியில் கருத்த களி, அதன்மேல் ஒரு முழம் மணல், அதற்கும் மேல் எக்கல் (மணலைவிட நைசான, களியைவிடப் பருத்த வண்டல்), மறுபடி களி, நடுவே நத்தை ஓடும் கருகிய வேரும். மணல் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் தண்ணீர் வேகமாக ஓடியது, களி இருக்கும் இடத்தில் தேங்கி நின்றது. அடுக்குக்கு ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படிந்துவிடும், எக்கல் மணிக்கணக்கில் படியும், களி மறுநாளும் கலங்கியே நிற்கும். ஆறு வேகம் குறையும்போது எதை எங்கே போடும் என்பது பாட்டிலுக்குள் தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: கரை எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளிப் பிள்ளைகளை நிறுத்துங்கள். ஈரக் களி சொல்லிவிட்டுச் சரிவதில்லை.

அடுத்து, கைபோர் (கையால் இறக்கும் ஆழ்துளைக் கிணறு) போடும் ஆட்களில் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். குழாயைத் திருகித் திருகி இறக்கும்போது மேலே வரும் கலங்கலை உள்ளங்கையில் ஏந்தி, விரலால் தேய்த்துப் பார்த்து, "களி விட்டது, மணல் தட்டுகிறது" என்பார்கள். எத்தனையாவது அடியில் எது வரும், எந்த மணலில் நல்ல தண்ணீர், எதில் உப்பு என்பதெல்லாம் மனப்பாடம். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதிய பதிவேடுகளில் பாதி அவர்களுடைய வாய்ச்சொல்தான். உங்கள் மாணவர்களின் அப்பா, சித்தப்பா, தாய்மாமன் யாராவது இந்த வேலையில் இருக்கக்கூடும், விசாரியுங்கள். அவரை வகுப்பின் முன் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் அடிவாரியாகச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரையட்டும். அதற்கு ஜியாலஜியில் பெயர் இருக்கிறது, அதற்காகச் சம்பளமும் தருகிறார்கள் என்று பிறகு சொல்லுங்கள். தன் மாமா சொன்னதை ஆசிரியை பலகையில் எழுதுவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்காகவே இதைச் செய்யலாம்.

இனி என் தவறு ஒன்று. பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு மண்வெட்டி, ஒரு நாடா, ஒரு நோட்டு கொடுப்பது என் வழக்கம். பல ஆண்டு அப்படித்தான் நடத்தினேன். ஒருமுறை பழைய புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: எல்லாப் படத்திலும் மண்வெட்டி காலனிப் பையன் கையில், நோட்டு வேறொருவன் கையில், பெண்பிள்ளைகள் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். யாரும் ஏவவில்லை, தானாகவே அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பையன்கள் நன்றாக வெட்டினார்கள், நானும் சபாஷ் போட்டிருக்கிறேன். அந்தச் சபாஷ்தான் இன்றும் உறுத்துகிறது. வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் செய்வதை இன்னொரு முறை கூலி இல்லாமல் செய்ய வைப்பதற்குத்தான் பஸ் ஏற்றிக் கூட்டிப்போயிருக்கிறேன். அதன்பின் மண்வெட்டியும் நோட்டும் சுற்றி வரும் என்று விதி வைத்தேன். குழியை வெட்டியவன்தான் அதைப் பற்றி முதலில் பேச வேண்டும் என்பது இரண்டாவது விதி. எந்த ஆழத்தில் மண்வெட்டி கனத்தது, எங்கே வழுக்கியது என்று அவன் கைக்குத் தெரியும். களியையும் எக்கலையும் தொட்டே பிரித்தறிவது கல்லூரிப் பிள்ளைகள் தடுமாறும் பாடம். உங்கள் பிள்ளைகள் நாற்று நடும் காலத்திலேயே அதைப் படித்துவிட்டவர்கள். அதற்குப் படிப்பு என்று பெயர் உண்டென்று மட்டும் அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

இதை ஒட்டி இன்னொரு பயிற்சி உண்டு, கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டியது. ஆறு கரை புரளும்போது கனமான மணல் கரையோரத்திலேயே விழுந்துவிடும். மெல்லிய களிதான் உள்ளே தூரம் வரை போய்ப் படியும். அதனால் ஆற்றோரம் மேடாகவும் உள்ளே போகப் போகப் பள்ளமாகவும் அமைகிறது. பழைய ஊர்களும் சாலைகளும் அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். பல ஊர்களில் மேடு யாருக்கு வந்தது, பள்ளம் யாருக்குப் போனது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஆற்றங்கரைத் தெருவிலிருந்து காலனி வரை ஒரு வகுப்பை அளக்க வைத்தேன். இறக்கம் எத்தனை அடி என்று பலகையில் எழுதியதும், "எங்கள் தெருவில் வெள்ளம் நிற்பதற்கு நாங்கள் போடும் குப்பைதான் காரணம் என்பார்கள் சார்" என்றான் ஒரு பையன். அதன்பிறகு இந்தப் பயிற்சியை உள்ளூர் ஆசிரியரின் துணை உறுதியாக இருந்த பள்ளிகளில் மட்டுமே செய்தேன். மாலையில் நான் பஸ் ஏறிவிடுவேன், பிள்ளைகள் அங்கேயேதான் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் இது சரிப்படுமா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

கடலோரப் பிள்ளைகளுக்கு வேதாரண்யம் பக்கத்து மணல்மேடுகள் போதும். ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் அந்த மேடுகள் பழைய கடற்கரைகள். கடல் பின்வாங்கப் பின்வாங்க விட்டுப்போனவை. சுற்றிலும் உப்பளமாக இருக்க, மணல்மேட்டில் தோண்டிய குட்டையில் மட்டும் நல்ல தண்ணீர் ஏன் கிடைக்கிறது? மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம் அதிகம். ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓர் அடியை உறிஞ்சிவிட்டால் கீழே நாற்பது அடி போய்விடும் என்பதுதான் இதன் மறுபக்கம். நீங்கள் வேதியியல் ஆசிரியை. ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் இருக்கும். பிள்ளைகள் வீட்டு போர் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரட்டும், எவர் வீட்டுத் தண்ணீர் எவ்வளவு வெள்ளையாகத் திரிகிறது என்று பாருங்கள். ஊர் வரைபடத்தில் புள்ளி வைத்தால் உப்பு எங்கே வரை வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். சுனாமியை மட்டும் கவனமாகத் தொடுங்கள். அலை கொண்டுவந்து போட்ட மணல் அடுக்கு நல்ல பாடம்தான். ஆனால் 2004 டிசம்பர் 26இல் யாரையாவது பறிகொடுக்காத மீனவக் குடும்பம் உங்கள் பக்கத்தில் குறைவு. வீட்டில் என்ன நடந்தது என்று எந்தப் பிள்ளையையும் எழுந்து நின்று சொல்ல வைக்காதீர்கள்.

இவ்வளவும் ஆன பிறகு அரியலூர், பெரம்பலூர் பக்கம் போகலாம். வழியில் தஞ்சைக்கு அடுத்த வல்லத்தில் பஸ்ஸை நிறுத்துங்கள். வண்டல் முடிந்து செம்மண் தொடங்கும் எல்லை அங்கே கண்ணுக்குத் தெரியும். அந்த ஊரில் கிடைத்த படிகக் கல்லைத் தீட்டித்தான் ஒரு காலத்தில் தஞ்சாவூரில் மூக்குக்கண்ணாடி செய்தார்கள். காரை என்ற ஊரின் வறண்ட செம்மேடுகளில் ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னும். துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட் (கணவாய் போன்ற, அழிந்துபோன கடலுயிர்) புதைபடிவங்கள் காலில் இடறும். அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி சிப்பியாக ஒட்டிக்கிடக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். (பெரிய கோயிலுக்குப் போனால் அமிலப் பாட்டிலைப் பஸ்ஸிலேயே பூட்டி வையுங்கள்.) அங்கே ஒரு மீனவப் பெண் சொன்னதை மறக்க முடியாது. "இது அலை ஒதுக்கிய சிப்பி இல்லை சார். ஒதுக்கியிருந்தால் இரண்டு ஓடும் பிரிந்து தனித்தனியாகக் கிடக்கும். இது மூடியபடியே இருக்கிறது, இருந்த இடத்திலேயே செத்திருக்கிறது." ஆராய்ச்சியாளர்கள் எழுதுவதும் இதைத்தான். அவள் கரைவலையில் பார்த்ததைச் சொன்னாள். அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் போக முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். புதைபடிவங்களை உடைத்துப் பையில் போட விடாதீர்கள்.

சாத்தனூர் கல்மரத்தைக் கடைசியில் வையுங்கள். பதினெட்டு மீட்டர் நீளக் கல்லான மரம், 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்னது. பன்னிரண்டு கோடி ஆண்டு வயது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது கிரெட்டேசியஸ் காலத்தது, அதாவது பதினாலரைக் கோடிக்கும் ஆறரைக் கோடிக்கும் இடைப்பட்டது என்பது உறுதி. அந்த இடைவெளிக்குள் ஒற்றை எண்ணைக் கல்லில் பொறித்ததுபோல் சொல்ல நான் தயங்குவேன். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் பயணம் வெற்றி. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டியபோது உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது நினைவிருக்கும். பார்த்தவர்கள் அவை அம்மோனைட்டை (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரை) சுற்றி உருண்டு இறுகிய கற்கள் என்றார்கள். இந்தக் கதையைச் சாத்தனூர் மரத்தடியில் சொன்னால் நன்றாக எடுபடும்.

ஏன் ஒரு பயணம் போதாது என்கிறேன்? அமெரிக்காவில் அறிவியல் துறைகளிலேயே இனச் சிறுபான்மையினர் மிகக் குறைவாக இருப்பது புவி அறிவியலில். நாற்பது ஆண்டில் முனைவர் பட்ட அளவில் இதில் முன்னேற்றமே இல்லை என்று 2018இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் கணக்கோடு எழுதினார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2005இல் ஜியோஃபோர்ஸ் என்று ஒரு திட்டம் தொடங்கியது. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பள்ளி முடியும் வரை அதே பிள்ளைகளைக் கோடைதோறும் ஒரு வாரம் களத்துக்கு அழைத்துப்போவது. அதே பிள்ளைகளை மறுபடி மறுபடி அழைத்துப்போனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆண்டுக்கு நூறு பேரை ஒரு நாள் கூட்டிப்போவதைவிட, இருபது பேரை நான்கு முறை கூட்டிப்போங்கள். பணத்துக்கு அவர்கள் எண்ணெய்க் கம்பெனிகளிடமும் போனார்கள். அந்த வழியை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம். 2017 நெடுவாசல் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு நம் பக்கம் கருவியோடு வயலில் இறங்குபவன் எவனும் மீத்தேன்காரன்தான். நானே இரண்டு முறை வரப்பில் நிறுத்தி வைத்து விசாரிக்கப்பட்டிருக்கிறேன். ஊராட்சித் தலைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடமும் மறைக்காதீர்கள்: எண்ணெய் தேடுவதும் ஜியாலஜிதான், அதனால் நிலத்தடி நீருக்கு என்ன ஆகும் என்று அளந்து சொல்வதும் ஜியாலஜிதான்.

பெற்றோர் விஷயம் இதைவிடக் கடினம். ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார்: "மண்ணை வாருவதற்கு நான் இருக்கிறேன். அவனும் படித்துவிட்டு மண்ணைத்தான் வார வேண்டுமா?" எனக்குப் பதில் வரவில்லை. சேற்றிலிருந்து பிள்ளையைத் தூக்கிவிடத்தான் அவர் பாடுபடுகிறார். நாம் மறுபடி சேற்றைக் காட்டினால் கோபம் வரத்தான் செய்யும். பேசி எவரையும் நான் மாற்றியதில்லை. பயணத்துக்குப் பெற்றோரில் இரண்டு பேரைக் கூட அழைத்துப்போனபோது சிலர் மாறினார்கள்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்பதாம் வகுப்பை எடுங்கள். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பாடப்பிரிவு எடுக்காவிட்டால் கதவு ஏறக்குறைய மூடிவிடும், அந்த முடிவு பத்தாம் வகுப்பு முடிந்த இரண்டு வாரத்தில் நடந்துவிடுகிறது. பிறகு வரும் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். யூபிஎஸ்சி நடத்தும் நிலவியலாளர் தேர்வுக்கு முதுகலை வேண்டும், ஆகவே பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து ஆண்டு. மாநில அரசில் டிஎன்பிஎஸ்சி வழியாக வரும் இடங்கள் சொற்பம். தனியாரில் சுரங்கம், போர் இடம் பார்த்தல், செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைபடம் செய்தல் என்று வேலை உண்டு. தொடக்கத்தில் சம்பளம் சுமார்தான். கூலி வீட்டில் ஐந்து ஆண்டு என்பது ஐந்து ஆண்டு வருமானம். ஆதிதிராவிடர் உதவித்தொகை, 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், 2024 முதல் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் எல்லாம் கொஞ்சம் தாங்கும், முழுவதும் தாங்காது. நமக்கு எட்டும் தூரத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் திருச்சி தேசியக் கல்லூரியிலும் ஜியாலஜி இருக்கிறது. பயணங்களில் ஒன்றை அங்கே வையுங்கள். விடுதியையும் சாப்பாட்டுக் கூடத்தையும் பார்க்கட்டும், தங்கள் ஊர்ப்பக்கத்து மாணவர் ஒருவரோடு தனியாகப் பேசட்டும். எனக்குத் தெரிந்து பிள்ளைகளின் மனத்தை அசைத்தது கல்மரத்தைவிட அந்தப் பேச்சுத்தான்.

சில்லறை விஷயங்கள். கழிப்பறை எங்கே என்று தெரியாத இடத்துக்குப் பெண்பிள்ளைகளை அழைத்துப்போகாதீர்கள். என் தொடக்க காலப் பயணம் ஒன்றில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். காலையிலிருந்து வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். எனக்கு அதுவரை அப்படி ஒன்று தோன்றியதே இல்லை. வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் வேண்டாம். கட்டுச்சோறு கொண்டுவரச் சொன்னால் தனித்தனியாக உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு வாங்கிவிடுங்கள்.

நான் அழைத்துப்போனவர்களில் ஜியாலஜியில் முதுகலை வரை போனவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அவர்களும் பயணத்தால்தான் போனார்களா, எப்படியும் போயிருப்பார்களா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சிப்பிப் பெண் நர்சிங் படித்தாள். மட்டக் குழாய் பிடித்த பையன் இப்போது போர் இடம் பார்த்துச் சொல்கிறான். நீரோட்டம் பார்க்கத் தேங்காய் உருட்டுவதில்லை, கருவி வைத்திருக்கிறான். மொத்தத்தில் நாலைந்து பேர் என்று நீங்கள் கேட்டது பேராசையாகத் தெரியவில்லை, நான்கு ஆண்டு பொறுத்தால்.

ஏப்ரல் கடைசியில் எந்த வாய்க்காலில் தூர்வாருகிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். பொக்லைன் எட்டு மணிக்கு மேல்தான் உறுமத் தொடங்கும். ஆறரைக்கே போய்விட்டால் வெயிலும் இராது, கரையும் உங்களுக்கே. பாட்டில்களுக்கு இறுக்கமான மூடி இருக்கட்டும். பஸ்ஸில் களித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நடத்துநரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.